இடது கண்ணுக்குத் தாமதமாக வரும் பந்து

எனக்குப் பார்வை திரும்பிவிட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். திருவிழா மலரில் போட ஒரு சாட்சி எழுதித் தரும்படி எங்கள் பங்குச் சாமியார் கேட்டார். மாதா அருளால் கண் வந்தது, நன்றி, இப்படிக்கு இன்னார் என்று அரைப் பக்கம் போதுமாம். எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை, நன்றியும் சரியாக வரவில்லை. அதனால் அவருக்குக் கொடுக்காமல் எழுதியது இது. கண் நரம்பு வீங்கி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் யாராவது படித்தால் கொஞ்சம் உதவும். மற்றவர்கள் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் ஜீப் டிரைவர். உத்தமபாளையத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் பிழைப்பு. என் மனைவி ஜெயமேரியும் அந்த ஜீப்பில்தான் வேலைக்கு வருவாள். மடியில் தூக்குச்சட்டியோடு முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவாள். பின்னால் மற்ற பெண்கள். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். செக்போஸ்ட்டில் கேட்டாலே சொல்லமாட்டேன்.

ஒரு நாள் இடது கண்ணை அசைத்தபோது உள்ளே வலித்தது. தூசி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் முன்னால் போன லாரியின் பின்விளக்கு செங்கல் நிறத்தில் தெரிந்தது. இடது கண்ணை மூடினால் நல்ல சிவப்பு. வலது கண்ணை மூடினால் மழையில் நனைந்த பழைய செங்கல். இரண்டொரு நாளில் நான் எதைப் பார்த்தாலும் பார்க்கிற இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை பட்டது போல ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். கண் சிவக்கவே இல்லையே, எதற்குச் சொட்டு மருந்து என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், கண் பிரிவில் காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி ஓடுகிறது, சத்தம் இல்லாமல். பாதிப் பேருக்குக் கண் தெரியாத இடத்தில் சத்தம் இல்லாத டிவி. அதை வைத்தவரை ஒரு நாள் அங்கே டோக்கனோடு உட்காரவைக்க வேண்டும்.

டாக்டரம்மா டார்ச் விளக்கை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார். இடது கண்ணுக்கு ஒரு எண்ணும் அகப்படவில்லை. பிறகு சொன்னார்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல. கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புலதான் வீக்கம். ஒயர் மேல ரப்பர் உறை இருக்கும்ல, அந்த மாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை இருக்கு. அதை உங்க உடம்பே தின்னுட்டு இருக்கு."

என் உடம்பு என்னையே தின்கிறது என்று சிரித்த முகத்தோடு ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்குக் கண் நரம்பு அழற்சி என்று பெயர். ஏன் வருகிறது என்று கேட்டேன். பல சமயம் காரணம் தெரியாது என்றார். அந்த ஒன்றைத்தான் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

அடுத்தது ஸ்கேன். சிலருக்கு இதே நோய் மூளையிலும் புள்ளி புள்ளியாக இருக்குமாம். இருந்தால் கண்ணோடு நிற்காது, பின்னால் கைகால்களுக்கும் வரலாம். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது தகர ஷெட்டைச் சுத்தியலால் அடிப்பது போல் சத்தம். வெளியே வந்து முடிவுக்காகக் காத்திருந்த நேரம்தான் இந்த நோயிலேயே மோசமான நேரம். ஜெயமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் என் கால் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை கண்ணில் வரலாம், வராமலும் போகலாம் என்ற கொசுறோடு வந்தது.

படுக்கையில் போட்டு ரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். வீக்கத்தை அடக்கும் மருந்து. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி. முகம் ஊதியது. எந்நேரமும் பசி. இந்த மருந்து கோபத்தைக் கூட்டும் என்று நர்ஸ் எச்சரித்தார்.

"இவுகளுக்குக் கூட்டுறதுக்கு இனி எடமில்ல சிஸ்டர்," என்றாள் ஜெயமேரி.

பில்லைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும், அதற்கும் ஒரு பில் வரும்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதலாம். சொந்தக்காரர்கள் பஸ் ஏறி தேனிவரை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பயத்தை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். "எங்க கொழுந்தனாருக்கும் இப்படித்தான் கண்ணுல ஆரம்பிச்சுச்சு. கோயமுத்தூர் வரைக்கும் தூக்கிட்டுப் போனாக," என்றார் ஒரு பெரியம்மா. பிறகு என்ன ஆனது என்று சொல்லாமல், கொண்டுவந்த சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் ஜெயமேரி ஒரு சாத்துக்குடியை எடுத்து, "இந்தாங்க, பிடிங்க," என்று போட்டாள். எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் பரிமாறிக்கொள்வோம். சாவி, சோப்பு, தீப்பெட்டி, எல்லாம் பறந்துதான் வரும். சாத்துக்குடி என் நெஞ்சில் பட்டு விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. என் கை வெறும் காற்றைப் பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஜெயமேரி குனிந்து பழத்தை எடுத்துத் துடைத்து, உரித்து, சுளையை என் உள்ளங்கையில் வைத்தாள். அதற்குப் பிறகு மாத்திரை, தம்ளர், துண்டு எல்லாவற்றையும் என் கையில் வைத்தே கொடுத்தாள். பல வருஷமாக இல்லாத அக்கறை. எனக்குப் பிடித்திருந்தது.

சின்னமனூரில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி அந்தோணி ஒரு நாள் வந்தான். சும்மா படுத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"மச்சான், கேம் ஏத்தித் தாரேன். பொழுது போகும்."

"கிரிக்கெட் ஏத்து மாப்ள."

"ஒங்க போன்ல கிரிக்கெட்டுக்கு எடமில்ல. இது பேஸ்பால். சின்னது."

"அமெரிக்காக்காரன் ஆடுறதா? நான் எங்கன போயி அத ஆட?"

"மட்டை, பந்து, அம்புட்டுத்தான். நீங்க படுத்துக்கிட்டே அடிங்க."

அம்புட்டுத்தான் இல்லை. திரையில் மட்டையோடு ஒருவன் நிற்கிறான், எதிரே மேட்டில் நிற்பவன் எறிகிறான். மட்டைக்காரனுக்கு முன்னால் கண்ணாடிக் கதவு மாதிரி ஒரு கட்டம். கட்டத்துக்குள் வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஒரு தப்பு. மட்டையை வீசி, பந்து படாமல் போனாலும் ஒரு தப்பு. மூன்று தப்புக்கு அவுட். வெளியே போகும் பந்தைத் தொடாமல் விட்டால் நமக்கு லாபம், அப்படி நாலு பந்து போனால் ஓடிச் சேர வேண்டிய நாலு மூலைகளில் முதல் மூலைக்கு அடிக்காமலே நடந்து போகலாம். ஆக ஒவ்வொரு பந்துக்கும் ஒரே கேள்விதான். உள்ளே வருமா, வராதா? பதில் சொல்ல ஒரு கண்சிமிட்டும் நேரம்.

இடது கண்ணில் கறை இருந்ததால் வலது கண்ணால்தான் ஆரம்பித்தேன். முதலில் ஒரு பந்தும் படவில்லை. பிறகுதான் புரிந்தது, பந்து தரையில் குத்தி எழும்பட்டும் என்று நான் காத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஆற்று மணலிலும் அறுத்த வயலிலும் ஆடிய கிரிக்கெட் புத்தி. இந்த ஆட்டத்தில் பந்து குத்துவதே இல்லை. நான் குத்தட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அது பின்னால் இருப்பவன் கைக்குப் போய்விட்டது.

அடுத்த தப்பு, எல்லாவற்றையும் அடித்தது. எறிகிறவனிடம் நாலு வகைப் பந்து இருந்தது. ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். வேகமாக நேரே வருவது நேர்பந்து. கடைசியில் தொப்பென்று இறங்குவது விழுபந்து. உள்ளே வருவது போல் வந்து பக்கவாட்டில் வெளியே ஓடுவது குறுக்குப்பந்து. நேர்பந்துக்கு வீசும் அதே வீச்சில் கிளம்பி மெதுவாக வந்து நம்மை முட்டாளாக்குவது ஏமாத்துப் பந்து. குறுக்குப்பந்தைத் துரத்தித் துரத்தி வீசி அவுட் ஆனேன். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்து, "அத விட்டிருக்கலாம்ல?" என்பார். எல்லாம் முடிந்த பிறகு சொல்வதற்கு ஒரு ஆள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்.

பந்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது மலைப்பாதையில் கற்றது. மலை ஏறும் டிரைவர் எதிர்வண்டியைப் பார்த்து ஓட்டுவதில்லை. வண்டி கண்ணுக்குத் தெரியும்போது நேரம் தாண்டியிருக்கும். வளைவுக்கு முந்தின பாறையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். உயரத்தில் விழுந்தால் பஸ், தாழ்வாக அகலமாக விழுந்தால் ஜீப், ஆடிக்கொண்டு வந்தால் பைக். அதே போல எறிகிறவனின் தோளையும் மணிக்கட்டையும் கவனித்தேன். விழுபந்துக்குக் கை காதுக்கு மேலே போனது. குறுக்குப்பந்துக்கு முழங்கை கொஞ்சம் தாழ்ந்தது. ஏமாத்துப் பந்தைப் பெரும்பாலும் இரண்டு நேர்பந்துக்குப் பிறகு போட்டான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் வலது கண்ணால் பாதிப் பந்தை அடித்துக்கொண்டிருந்தேன், கெட்ட பந்துகளை விட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். கறை ஓரத்திலிருந்து கலைந்தது. சில வாரங்களில் இடது கண்ணாலும் நாள்காட்டியைப் படித்தேன். ஊரே வந்து விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டது. சரியாகச் சொன்னேன். ஜெயமேரி மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றினாள்.

இடது கண்ணால் மட்டும் ஆடிப் பார்த்தேன். எல்லாப் பந்துக்கும் பிந்திப் போனேன். கண் தெரிகிறது, பந்து தெரிகிறது, கட்டைவிரல் அழுத்துகிறது, அதற்குள் பந்து போயிருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்து ஆடினால் வேறு வேடிக்கை. நேர்பந்தை எப்படியோ சமாளித்தேன். குறுக்குப்பந்து மட்டும் எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. கிட்டே இருப்பது தள்ளித் தெரிந்தது, தள்ளி இருப்பது கிட்டே தெரிந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். வீடியோ கேமா என்று கேட்டு முகத்தைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுளிக்காமல் ஒரு சோதனைக்கு அனுப்பினார். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, டிவியில் சதுரங்கக் கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வருவதைப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணில் பட்டது மூளையின் பின்புறத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். வலியில்லை. தலையில் ஒட்டிய பசைதான் போகாது.

"இடது பக்கம் சேதி லேட்டாப் போகுது," என்றார். "உறை போன நரம்புல அப்படித்தான். ரெண்டு கண்ணும் ஒரே விஷயத்தைச் சொல்லுது, ஆனா ஒண்ணு பிந்திச் சொல்லுது. நிக்கிற பொருளுக்குப் பிரச்சினை இல்ல. ஓடுற பொருளோட தூரமும் வேகமும்தான் குழப்பும்."

"சரியாயிருமா?"

"சிலருக்குக் குறையும். நிறையப் பேருக்கு இப்படியே இருக்கும், பழகிக்குவாங்க. சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. பார்வை நார்மல்."

"ஜீப் ஓட்டலாமா? ஆள் ஏத்துற வண்டி. மலைரோடு."

அவர் யோசித்தார். "காலி ரோட்ல ஓட்டிப் பாருங்க. உங்களுக்கே நம்பிக்கை வந்தா ஓட்டுங்க. முடிவு உங்க கையில."

இத்தனை குழாய்க்குள் படுக்கவைத்து, இத்தனை ஒயர் ஒட்டி, கடைசியில் முடிவு என் கையில். சுவரில் நிற்கிற எழுத்து ஒன்றும் என்னை நோக்கி வரவில்லை. கம்பம்மெட்டில் வருவதெல்லாம் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு என்னை நோக்கி வரும். அவர் நல்ல டாக்டர். ஆனாலும் அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். காலி ரோட்டில் யாரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள். எனவே நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அந்த ஆட்டத்தில் எதிரணியை ஜெயித்தால் ஜீப்பை எடுப்பது. இதைக் கேட்டால் சிரிப்பு வரும். வேறு எந்தப் பரீட்சையும் என்னை நோக்கி எதையும் எறியவில்லை. காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து ஆடினேன். ஜெயமேரி தோட்டத்திலிருந்து வேறு ஒரு வண்டியில் திரும்பி வந்து, "இன்னைக்கு எப்பிடி?" என்று கேட்பாள். "பரவால்ல, வருது," என்பேன். காபியை என் கையில் வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆடியபோது ஜெயித்தேன். குறுக்குப்பந்துகளை எல்லாம் தொடாமல் விட்டேன், ஏமாத்துப் பந்தைக் காத்திருந்து அடித்தேன். நாளைக்கு வண்டி எடுக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். ஜெயமேரி கறி வெட்டிக்கொண்டிருந்தாள். ம் என்றாள்.

என் ஜீப்பில் வரும் பெண்களில் சிலர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, நாளைக்கு வண்டி எடுக்கீகளா?" என்று மூத்தவர் கேட்டார். எடுக்கிறேன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு போனைத் திறந்தேன். ஜெயித்ததால் பூட்டு விலகி அடுத்த அணி வந்திருந்தது. புது ஆள் மேட்டில் நின்றான். இடதுகைக்காரன். வகைகள் அதே நாலுதான், ஆனால் அவன் தோள் எனக்குத் தெரியாத தோள். முதல் பந்து எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. வீசினேன், காற்று. விட்டேன், அது கட்டத்துக்குள் போனது. ஒருவர் பின் ஒருவராக என் ஆட்கள் எல்லோரும் அவுட். மறுபடி ஆடினேன், அதே கதை. வலது கண்ணால் மட்டும் ஆடினேன். கொஞ்ச நேரத்தில் பட ஆரம்பித்தது. இரண்டு கண்ணையும் திறந்தேன், மறுபடி ஒன்றுமில்லை.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வாரம் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. பழைய ஆளின் முழங்கையையும் பழக்கவழக்கத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். கண் ஒன்றும் தேறவில்லை. மலைப்பாதையில் தினமும் அதே ஆள் எறியமாட்டான். ஒவ்வொரு வளைவிலும் புது ஆள். பாறையில் விழும் வெளிச்சம் பஸ்ஸா ஜீப்பா என்று சொல்லும். எனக்கும் அதற்கும் நடுவில் எத்தனை அடி என்று கண்தான் சொல்ல வேண்டும், என் முன் சீட்டில் ஜெயமேரி உட்கார்ந்திருப்பாள். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டியை ஓட்டவும் முடியாது.

அடுப்படிக்குப் போனேன். "நாளைக்கு நான் ஓட்டல," என்றேன்.

அவள் திரும்பவில்லை. "சரி," என்றாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே, "செல்வம் வண்டில எடம் சொல்லியாச்சு," என்றாள். செல்வம் பக்கத்து ஊர் ஜீப்காரன்.

"எப்ப?"

"போன வாரமே."

"ஒனக்கா?"

"எல்லாருக்கும். இனிமே அவன் வண்டிதான்னு பேசியாச்சு."

மத்தியானம் வந்த பெண்கள் எதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்போது தெரிந்தது. வேறு வண்டி பேசி முடித்துவிட்டு, என் வீட்டில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

"நான் நல்லாப் பாக்குறேன், எடுக்குறேன்னு நின்னிருந்தா?"

"நீங்க எடுத்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன்." கரண்டியை வைத்துவிட்டு இப்போதுதான் திரும்பினாள். "ஆஸ்பத்திரில சாத்துக்குடி நெஞ்சுல பட்டு விழுந்ததுக்கப்புறந்தான் நீங்க கைய மூடுனீக. அப்ப கண்ணு மறைச்சிருந்துச்சுன்னு நெனச்சேன். நாள்காட்டி படிச்சீக, வெரல் எண்ணுனீக. போன வாரம் துண்டத் தூக்கிப் போட்டுப் பாத்தேன். அது தரையில விழுந்ததுக்கப்புறம் கைய நீட்டுனீக."

துண்டு எனக்கு ஞாபகம் இருந்தது. சரியாகப் போடத் தெரியாதா என்று அவளைத்தான் திட்டினேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீகளா?"

கேட்டிருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, என் கண்ணில் கோபம் நின்றது. அவள் செய்தது சரி. சரியாகச் செய்ததற்காக ஒருவர் மேல் கோபப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் உள்ளங்கையில் வைத்த ஒவ்வொரு சுளையும் அன்று சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. எதை அன்பு என்று வாங்கிக்கொண்டேன், எது பரிதாபம் என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். பிரிக்க முடியவில்லை.

ஜீப் இப்போது தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. செல்வமே விலை கேட்டிருக்கிறான். விளையாட்டை அழித்துவிட்டேன். போனில் கிரிக்கெட்டுக்கு இப்போது இடம் இருக்குமா என்று அந்தோணியிடம் கேட்கவில்லை. சாமியார் சாட்சியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விடியுமுன் ஜெயமேரியின் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் நான்தான் போகிறேன். முதல் நாள் செல்வத்தின் ஜீப் வெளிச்சம் வளைவில் தெரிந்ததும், இன்னும் தூரம் இருக்கிறது என்று ரோட்டில் கால் வைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வண்டி எங்களைத் தொடாத குறையாக வந்து நின்றது. அவள் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு ஏறி, செல்வத்துக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வண்டி கிளம்பியதும் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால்தான் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று சரியாகத் தெரிகிறது.